ஆடி மாதத்துக் கடைத்தெரு

ஆடி பிறந்துவிட்டால் மற்ற ஊர்களில் அச்சகம் ஓய்ந்துவிடும். முகூர்த்தம் இல்லாத மாதம், பத்திரிகை அடிக்க யார் வருவார்கள்? சமையல்காரரின் அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும். பந்தல்காரர் கீற்றையும் தகரத்தையும் அடுக்கி வைத்துவிட்டு ஆவணியை எதிர்பார்த்திருப்பார். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் கீரமங்கலம், சுற்றியிருக்கும் வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், அணவயல், கிழக்கே தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வரை இதற்கு நேர்மாறு. எங்கள் ஊர் அச்சகத்தில் ஆடியில்தான் ராத்திரியிலும் விளக்கு எரியும். சமையல்காரருக்கு நாள் கிடைக்காது. இலைக்கட்டு விலை ஏறும். ஆட்டு வியாபாரிகள் சந்தை சந்தையாக அலைவார்கள். எல்லாம் மொய் விருந்துக்காக.

கல்யாணம், காதுகுத்து என்று எந்தச் சடங்கும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே வைக்கும் விருந்து இது. பத்திரிகையில் பத்துப் பதினைந்து பேர் பெயர் வரிசையாக இருக்கும். கறி, அரிசி, பந்தல் செலவை அவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பந்தலில் ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு, தனி அண்டா. வருகிறவர்கள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தங்களுக்கு வேண்டியவர் மேசைக்குப் போய் மொய் எழுதுவார்கள். ஒருவர் பெயரைச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் பணத்தைச் சரிபார்த்து அண்டாவில் போடுவார்.

கணக்கு இப்படி. நீங்கள் என் விருந்தில் ஐந்நூறு எழுதியிருந்தால், உங்கள் விருந்துக்கு நான் அந்த ஐந்நூறோடு மேற்கொண்டும் ஒரு தொகை சேர்த்து எழுத வேண்டும். பழையது தீர்ந்துவிடும். மேலே வைத்தது புது நடை. அது இனி நீங்கள் எனக்குத் தர வேண்டியது. உறவு வேண்டாம் என்று நினைக்கிறவர் வாங்கியதை மட்டும் வைத்து நடையை முடித்துக்கொள்ளலாம். ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் விருந்து வைக்கலாம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. மொத்தமாக வாங்குகிற பணத்தை ஐந்து வருஷத்தில் நூற்றுக்கணக்கான விருந்துகளில் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாள்கள் எத்தனை கோடி வசூலானது, எத்தனை ஆடு வெட்டினார்கள் என்று எழுதுகின்றன. அந்தக் கோடிகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எங்கள் கடைத்தெருவில் எந்தக் கடையின் முதலும் அந்தக் கடைக்காரர் ஒருவருடையது மட்டும் இல்லை. பூக்கமிஷன் கடையின் பணம் பாத்திரக்கடையில் நின்றது. பாத்திரக்கடைப் பணம் உரக்கடையில் நின்றது. எங்கள் இரும்புக்கடையில் எல்லாருடைய பணமும் நின்றது. அதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

அப்பா சிறு வயதிலேயே பட்டுக்கோட்டையில் ஓர் இரும்புக்கடைக்கு வேலைக்குப் போனவர். ஆணி எத்தனை நம்பர், கட்டுக்கம்பி எத்தனை கேஜ், எந்த மண்வெட்டி எந்த மண்ணுக்கு என்பதெல்லாம் அங்கே படித்தது. சொந்த ஊரில் கடை போட நினைத்தபோது வங்கியில் சொத்துப் பத்திரம் கேட்டார்கள். நிலம் தாத்தா பெயரில், பாகம் பிரியாமல் கிடந்தது. தண்டல்காரர் கொடுக்கத் தயாராக இருந்தார். ஆனால் தினமும் சாயங்காலம் வந்து நிற்கிற அந்த வட்டிக்கு அப்பா பயந்தார். தாத்தா பல வருஷமாக ஊரார் விருந்துகளில் ஐம்பதும் நூறுமாக எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை நம்பித் தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடியில் அப்பா முதல் விருந்து வைத்தார்.

தெருவில் அப்போதே ஒரு பெரிய இரும்புக்கடை இருந்தது. அதன் முதலாளியை அப்பா அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பத்திரிகை வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. அவர் வியாபாரத்தை உடைக்கப் போகிறோம், எந்த முகத்தோடு போய் நிற்பது என்றாள் அம்மா. அப்பா போய் வைத்தார். விருந்தன்று அண்ணன் வந்து, சாப்பிட்டு, அப்பாவின் மேசையில் அன்றைக்கு விழுந்த மொய்யிலேயே பெரிய மொய்யை எழுதினார். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருடா தம்பி. இங்க ஒத்தக் கடை இருக்கிற வரைக்கும் வடகாட்டுக்காரன் நமக்குச் சரக்கு கிடைக்குமோ கிடைக்காதோன்னு பட்டுக்கோட்டைக்குத்தான் பஸ் ஏறுவான். ரெண்டு கடை இருந்தா இங்க வருவான். வந்தவன் எங்கிட்டயும் நாலு சாமான் வாங்காமலா போவான்?"

அது பெருந்தன்மை மட்டும் இல்லை, கணக்குத் தெரிந்தவர் சொன்ன சொல் என்பது கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே லாரியில் திருச்சியிலிருந்து சரக்கு வந்தது, வாடகை பாதிப் பாதி. அவர் பைப், பெயின்ட் பக்கம் சரக்கைப் பெருக்கினார். அப்பா விவசாயக் கருவி, வேலிக் கம்பி, தார்ப்பாய், கயிறு என்று வைத்துக்கொண்டார். எங்கள் கடையில் இல்லாத சாமான் என்றால், "இருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைப்பையன் எதிர்ப்பக்கம் ஓடுவான். வாங்கி வந்து அதே விலைக்குக் கொடுப்போம். ராத்திரி கடை அடைக்கும்போது இரண்டு பக்கமும் துண்டுச்சீட்டை வைத்துக் கழித்துக்கொள்வார்கள்.

கைமாற்று என்பது தினமும் நடப்பது. காலையில் சரக்குக்குப் பணம் குறைந்தால் பாத்திரக்கடை பாயிடம் போய் நிற்பார் அப்பா. சாயங்காலம் திரும்பிவிடும். அதற்கு நோட்டு கிடையாது. பாய் நோன்பு நாட்களில் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் அவர் கல்லாவில் அப்பா உட்காருவார்.

பூக்கமிஷன் கடைகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் தெருவின் ஓட்டமே அவர்களிடம்தான் இருந்தது. கீரமங்கலத்தைச் சுற்றி மல்லிகை, முல்லை, கனகாம்பரம், செண்டிப்பூ, சம்பங்கி எல்லாம் விளைகிறது. விடியுமுன் பறித்த பூ சைக்கிளிலும் மொபெட்டிலும் வந்து கமிஷன் கடையில் இறங்கும். விலை நாளுக்கு நாள் மாறும். விவசாயிக்குக் கணக்கு முடிப்பது வாரத்துக்கு ஒரு முறை. அந்த வாரம் முழுக்க அவருக்கு மளிகை வேண்டும், உரம் வேண்டும், எங்களிடம் ஒரு களைக்கொத்து வேண்டும். "பூக்கடையில புடிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாரக் கடைசியில் கமிஷன் கடைக்காரர் விவசாயி கணக்கில் கழித்து எங்களுக்கு அனுப்பிவிடுவார். கனகாம்பரம் விலை விழுந்த வாரத்தில் அவரே வந்து, "இந்த வாரம் பாதிதான், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார். அவர் சொன்னால் சரி. விவசாயி அதற்காகக் கடைவாசலில் நின்று கூசிப் பேச வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கடன் கேட்கிறவர் தலை குனியாமல் கேட்க முடிந்தது.

இதன் பாரத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆடியில் ஒரே நாளில் நான்கைந்து பத்திரிகைகள் வந்து விழும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், அதற்கு மேலும் வைக்க வேண்டும். கையில் பணம் இல்லாதவர்கள் நகையை அடகு வைத்து மொய் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் வளையலும் போய்த் திரும்பியிருக்கிறது. வாங்கிய பணத்தைத் தொழிலில் போடாமல் வீட்டுச் செலவில் கரைத்துவிட்டவர்கள் ஐந்து வருஷமும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. எழுதி வைக்கவே வழியில்லாத கூலிக்காரருக்கு இந்த வட்டத்துக்குள் நுழைவது கடினம். என் சிறு வயதில் பந்தலில் பெண்களையே பார்க்க முடியாது. பேருந்து நிலையம் பக்கம் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா, புருஷன் போன பிறகு தன் உழைப்பில் எழுதிய மொய்யையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகன் பெயரில்தான் வாங்க வேண்டியிருந்தது. பத்திரிகையில் தன் பெயர் வரவில்லையே என்று அவர் என் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டது நியாயம். தெரு அதைச் சரிசெய்ய மிகவும் தாமதித்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிற எங்களுக்கு என்ன வந்துவிடும் என்று முதல் நாள் படுத்தவர்களுக்கு, மறுநாள் காலை கதவைத் திறந்தபோது வானம்தான் தெரிந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பலா மரங்கள் முறிந்து ரோட்டை அடைத்திருந்தன. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. புயல் பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை.

நான் அப்போது திருச்சியில் வேலையில் இருந்தேன். மரங்களை அறுத்து வழி விட்ட பிறகு ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா கடையில் இருந்தார். காற்று நின்ற அன்று காலையிலேயே அவரும் எதிர்க்கடை அண்ணனும் கடையைத் திறந்துவிட்டார்கள். ஓடு பறந்த வீடுகளுக்குத் தார்ப்பாய் வேண்டும், தகரம் வேண்டும், ஆணி, கட்டுக்கம்பி, கோடாரி, அரிவாள் வேண்டும். அந்த வாரம் பல இடங்களில் மெழுகுவர்த்திக்குக்கூட இரட்டை விலை சொன்னார்கள். எங்கள் தெருவில் இரண்டு கடையிலும் புயலுக்கு முதல் நாள் விற்ற விலைதான். அண்ணன் அதைக் காலையிலேயே வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "ஒரு ரூவா ஏத்தக் கூடாது. நீ ஏத்தலன்னா நானும் ஏத்த முடியாது."

மைக்செட்காரரிடம் ஜெனரேட்டர் இருந்தது. அதை மாட்டுவண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுபோய், மோட்டாரை ஓட்டித் தொட்டிகளை நிரப்பிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. டீசலுக்குப் பூக்கமிஷன் கடைக்காரர் பெட்ரோல் பங்கில் கணக்கு வைத்தார். பால் வராததால் டீக்கடையில் கடுங்காப்பி. மளிகைக்கடைக்காரர் அரிசியைப் படியில் அளந்து கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். அப்பாவின் பற்று நோட்டு அந்த ஒரு மாதத்தில் நிரம்பி இன்னொன்று வாங்கினார். ஆலங்குடி பக்கம் ஒரு டீக்கடைக்காரர், புயலில் எல்லாம் இழந்த தன் வாடிக்கையாளர்களின் பாக்கியைத் தள்ளுபடி செய்கிறேன் என்று கடையில் எழுதியே வைத்தார். அந்தச் செய்தி அப்போது தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. எங்களுக்கு அது வியப்பாக இல்லை, பெருமையாக இருந்தது.

அடுத்த ஆடி வந்தபோதுதான் நெருக்கடி. 2014இல் விருந்து வைத்த அப்பாவுக்கு 2019 முறை. திருச்சி மொத்த வியாபாரிக்குப் பெரிய பாக்கி நின்றது. கடையில் சரக்கு இல்லை, இருந்ததெல்லாம் ஊரார் வீட்டுக் கூரையில் இருந்தது. விருந்து வைக்காமல் கடை நிற்காது. ஆனால் யாரிடம் போய்ப் பத்திரிகை நீட்டுவது? எங்கள் பக்கத்தில் பெரிய மொய் எழுதுகிறவர்களே தென்னைக்காரர்களும் தேங்காய் மண்டிக்காரர்களும்தான். அவர்கள் தோப்பில் மரம் இல்லை. ஒரு நாட்டுத் தென்னை வைத்தால் காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். அப்பா பத்திரிகை அடிக்கவே மறுத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் பாத்திரக்கடை பாயும் பூக்கமிஷன் கடைக்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் அன்று ஊரில் இருந்தேன்.

"தென்னைக்காரங்க வைக்க மாட்டாங்க, சரி. அவங்களை விட்டுருங்க" என்றார் பூக்கடைக்காரர். "செடி என்ன செஞ்சிருக்கு பாருங்க. கவாத்துப் பண்ணின முல்லை எல்லாம் தழைஞ்சு, தை மாசத்திலிருந்து பூவு வந்துக்கிட்டிருக்கு. வெலையும் இருக்கு. இந்த வருஷம் பூக்காரங்க தாங்குவோம். 2012லயோ 13லயோ பூ அடிமாட்டு வெலைக்குப் போனப்ப எங்களைத் தாங்கினது தேங்காதானே?"

பாய் ஒன்றே ஒன்று சொன்னார்: "நீங்க விருந்து வைக்கலன்னா, உங்களுக்குத் தர வேண்டியவன் எப்படித் தருவான்? கையில வச்சுக்கிட்டுக் கரைச்சிருவான். அப்புறம் உங்க முகத்தப் பாக்க வெக்கப்படுவான்."

அதற்கு முன் நான் இதைப் பணம் சுற்றுகிற ஏற்பாடாகத்தான் பார்த்திருந்தேன். அன்று பேச்சைக் கேட்டபோதுதான் அது நிற்கிற இடம் புரிந்தது. தெருவில் எல்லோரும் தேங்காய் வியாபாரம் செய்திருந்தால் கஜாவோடு தெரு முடிந்திருக்கும். பூ சில மாதத்தில் எழும். வாழை ஒரு வருஷத்தில் எழும். தென்னைக்கு ஆண்டுகள் வேண்டும். இரும்புக்கும் பாத்திரத்துக்கும் இவர்கள் எழுந்தால்தான் எழுச்சி. ஒவ்வொரு தொழிலும் விழும் நாளும் எழும் நாளும் வேறு வேறு. எழுந்தவர் விழுந்தவருக்கு எழுதுகிறார். விழுந்தவர் எழும் வருஷத்தில் அது திரும்புகிறது. இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. நோட்டு அப்படி அமைந்துவிட்டது.

விருந்து நடந்தது. அந்த ஆடியில் பந்தல்கள் குறைவு, வசூலும் குறைவு. கறிக்கடைக்காரர், சாயங்காலம் அண்டாவை எண்ணிய பிறகு பணம் கொடுத்தால் போதும் என்று ஆடுகளை இறக்கினார். அச்சகத்தில் பத்திரிகைக்குப் பாதிதான் வாங்கினார்கள். நான் அப்பாவின் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தேன். தேங்காய் மண்டிக்காரர் வந்தார். 2017இல் அவர் விருந்தில் அப்பா பெரிய தொகை எழுதியிருந்தார். அவர் கொண்டுவந்தது அதில் சரிபாதி. மெதுவாகச் சொல்லியிருக்கலாம்; அவர் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"பாதிதான்ணே இருக்கு. மீதிக்கு நான் ஆளு."

அப்பா எழுதுகிறவரிடம், "வந்ததை எழுதுங்க, மீதி நிக்கட்டும்" என்றார். பிறகு அவரிடம், "தென்னம்பிள்ளை வச்சிருக்கீங்கள்ல? அது காய்க்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். அந்த வரிசையில் நின்ற இன்னும் சிலர் அதைக் கேட்ட பிறகுதான் தைரியமாக மேசைக்கு வந்தார்கள். பூக்காரர்கள் சொன்னபடி தாங்கினார்கள். 2014இல் வந்ததைவிடக் குறைவுதான், ஆனால் திருச்சிப் பாக்கி தீர்ந்தது, ஆவணியில் லாரி வந்தது.

2020இல் கொரோனா. கூட்டம் கூடக் கூடாது. ஆடியில் பந்தலே இல்லை. அந்த வருஷம் முறை வந்தவர்கள் தவித்துப்போனார்கள். மொய் பாக்கி உள்ளவர்களில் பலர் முகக்கவசம் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்பாவும் போய்வந்தார். அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார்.

அன்றைக்குத் தெருவில் எல்லாக் கடையும் கதவு இறக்கியிருந்தது. எதிர்க்கடை அண்ணன் தள்ளாத வயதில் சுடுகாடு வரை நடந்து வந்தார். கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து ஒரு வாரம், கடையைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பியிடம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். புயல் மாதத்தில் தார்ப்பாய் வாங்கியவர்கள், தகரம் வாங்கியவர்கள். நோட்டில் சில பக்கங்கள் மழையில் நனைந்து எழுத்து கலங்கிப்போயிருந்தன. அப்பாவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது. அவர்களே சொன்னார்கள், அவர்களே கொடுத்தார்கள். சிலர் இப்போது முடியாது, ஆனால் இவ்வளவு இருக்கிறது, எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இட்லிக்கடை அக்கா வந்து, அப்பா கைமாற்றாகக் கொடுத்தது என்று ஒரு தொகையைத் தம்பி கையில் வைத்து மூடினார். அம்மாவுக்கே அது தெரியாது.

2024 ஆடியில் தம்பி பெயரில் விருந்து. இப்போது மேசையில் நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர். பெயர் சொன்னதும் ரசீது வருகிறது. அண்டாப் பணத்தை எண்ண மிஷின் வைக்கிறார்கள். பத்திரிகையில் பெண்கள் பெயரும் வருகிறது. அந்த விருந்திலேயே ஒரு மேசை தையல்கடை வைத்திருக்கும் ஒரு தங்கையுடையது. ஜூலை 30இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மண் சரிந்து ஊர்களே போயிருந்த நேரம். எங்கள் மாவட்டத்து டீக்கடை ஒன்றில் டீ குடிப்பவர்கள் காசுக்குப் பதில் மொய் வைக்கட்டும் என்று சொல்லி, விழுந்த பணத்தை வயநாட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணம் திரும்பி வராது என்று தெரிந்தே வைத்தார்கள். ஆனாலும் உதவுவதற்கு இந்தப் பக்கத்து மனிதர்களுக்குத் தெரிந்த வழி மொய்தான்.

பகல் சாப்பாட்டுக் கூட்டம் குறையும் நேரத்தில் தேங்காய் மண்டிக்காரர் தன் மகனோடு வந்தார். புயலுக்குப் பின் வைத்த நெட்டை குட்டை ரகம் காய்ப்புக்கு வந்துவிட்டது என்றார். மேசையில் முதலில் ஒரு பணக்கட்டை வைத்தார். "இது உங்கப்பா நிக்கட்டும்ன பாதி." பிறகு இன்னொரு கட்டு. "இது உனக்குப் புது நடை."

கம்ப்யூட்டரில் பழைய பாக்கிக்கும் புது நடைக்கும் தனித்தனிப் பத்தி இல்லை. தட்டச்சு செய்கிற பெண் என்ன செய்வதென்று நிமிர்ந்து பார்த்தாள். தம்பி ரசீதை வாங்கி, பின்பக்கத்தில் இரண்டு தொகையையும் பேனாவால் பிரித்து எழுதி, மேலே அப்பா பெயரையும் கீழே தன் பெயரையும் போட்டுக் கொடுத்தான். மண்டிக்காரரின் மகன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவனுடைய விருந்து வரும்போது தம்பி அந்தக் கீழ்த் தொகையைத் திருப்ப வேண்டும், அதற்கு மேலும் வைக்க வேண்டும்.